கார்டு மேசையில் பகடை: வாசகர் கேள்விகளும் நடுவரின் பதில்களும்

சென்ற இதழில், மேஜிக், போக்கிமான், யூ-கி-ஓ போன்ற டிரேடிங் கார்டு விளையாட்டுகளில் (சேர்த்த கார்டுகளால் ஆளுக்கொரு கட்டு அமைத்து ஆடுபவை) பகடையைப் பயன்படுத்துவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தகராறில் பிறந்தவை. எல்லாவற்றையும் படித்து முடித்தபோது, பல ஆண்டுகளாக நடுவராக நின்று நான் பார்த்துவரும் ஒன்றையே அவையும் சொல்வதாகத் தோன்றியது. இந்த மேசையில் பகடைக்கு இரண்டு வேலை. உருட்டினால் அது முடிவு சொல்லும். உருட்டாமல் வைத்தால் ஒரு கணக்கைக் காத்து நிற்கும். இரண்டு வேலையையும் ஒரே பகடையிடம் கொடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

மேஜிக் விளையாட்டின் ப்ரீரிலீஸ் (புதிய தொகுப்புக்கான முன்வெளியீட்டு நிகழ்வு) பெட்டியில் இருபது முகப் பகடை ஒன்று கிடைத்தது. யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்க அதை உருட்டப் போனேன். எதிராளி தடுத்துவிட்டார். அவர் செய்தது சரியா?
*கல்லூரி மாணவர் ஒருவர்*

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, தம்பி. உங்கள் கையில் இருப்பதை ஸ்பின்டவுன் என்பார்கள். மேஜிக்கில் ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். அவற்றைக் குறைத்துக்கொண்டே வருவதற்காகச் செய்யப்பட்ட பகடை அது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 20-ஐ ஒட்டிய முகத்தில் 19, அதை ஒட்டி 18, அப்படியே வரிசையாகப் போகும். விரலால் லேசாகச் சாய்த்தாலே அடுத்த எண் மேலே வந்துவிடும். இப்போது ஒரு சாதாரண இருபது முகப் பகடையை அதன் பக்கத்தில் வையுங்கள். இதில் 20-ஐச் சுற்றியுள்ள மூன்று முகங்களில் 2, 8, 14 இருக்கும். 20-க்கு நேர் எதிரே 1. அதைச் சுற்றி 7, 13, 19. பெரிய எண்ணும் சின்ன எண்ணும் எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கும். ஸ்பின்டவுனிலோ பெரிய எண்கள் ஒரு பக்கமாகவும் சின்ன எண்கள் இன்னொரு பக்கமாகவும் குவிந்திருக்கும்.

பகடை மேசையில் நன்றாகப் புரண்டு ஓடினால் இந்த வேறுபாட்டால் எந்தப் பாதிப்பும் இல்லை. எந்த முகமும் வருவதற்கு இருபதில் ஒரு வாய்ப்புதான். ஆனால் எத்தனை பேர் பகடையைப் புரள விடுகிறார்கள்? பெரிய எண்களின் பக்கத்தை மேலே வைத்துப் பிடித்து, கையைத் தாழ்த்தி, மெதுவாக நழுவ விட்டால் ஸ்பின்டவுன் அதே பக்கத்தில் நின்றுவிடக்கூடும். அதில் எந்த முகம் நின்றாலும் பெரிய எண்தான். சாதாரணப் பகடையில் அதே தந்திரத்தைச் செய்தால், ஒரு முகம் தவறினாலும் 20-க்குப் பதில் 2 வந்துவிடலாம். உங்களிடம் அப்படிப்பட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருக்குமோ என்று எதிராளி நினைப்பதற்கே இடம் தரக் கூடாது என்கிறேன்.

ஆறு முகப் பகடை ஒன்றை எடுத்து, இருவரும் அதையே மாறி மாறி உருட்டுங்கள். ஒரே பகடை என்றால், அதில் ஏதாவது கோணல் இருந்தாலும் இருவருக்கும் ஒரே அளவில்தான் உதவும். ஒற்றைப் பகடையில் ஆறில் ஒரு தடவை இருவருக்கும் ஒரே எண் விழும். இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டினால் அது ஏறத்தாழ ஒன்பதில் ஒன்றாகக் குறையும். சாதாரண இருபது முகப் பகடை என்றால் இருபதில் ஒன்று. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேஜிக்கில் பகடையில் வென்றவர் முதலில் ஆடியே தீர வேண்டும் என்பதில்லை. முதலிலா இரண்டாவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமைதான் அவருக்குக் கிடைக்கிறது.

பகடையை வைத்து உயிர்ப்புள்ளிகளைக் கணக்கு வைப்பேன். பெரிய போட்டி ஒன்றில் நடுவர் அதை எடுத்துவிட்டு, காகிதமும் பேனாவும் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏன் இந்தக் கெடுபிடி?
*அலுவலகம் விட்டு வந்து விளையாடுபவர்*

அந்தக் கெடுபிடி உங்களைக் காப்பாற்றத்தான். மேஜிக்கின் போட்டி விதிகளில், கறாரான மட்டத்தில் நடக்கும் ஆட்டங்களில், தற்செயலாக மாறிவிடக்கூடிய முறையில் உயிர்ப்புள்ளிகளைக் குறிக்கக் கூடாது என்று இருக்கிறது. பகடை அப்படிப்பட்டதுதான்.

ஒரு மேசைக்கு என்னை அழைத்தார்கள். கார்டு எடுக்கக் கையை நீட்டியபோது ஒருவரின் சட்டைக்கை பட்டுப் பகடை புரண்டுவிட்டது. ஒருவர் 12 என்கிறார், மற்றவர் 9 என்கிறார். இருவரும் நேர்மையானவர்கள், இருவருக்குமே தாங்கள் சொல்வது சரி என்ற நம்பிக்கை. பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து, பயன்படுத்திக் கழித்த கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எந்தச் சுற்றில் எது தாக்கியது, எது தடுத்தது என்று முதலிலிருந்து கட்டிக்கொண்டு வந்தோம். பக்கத்து மேசைகள் முடிந்து எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் கணக்குக் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் ஆட்டத்தின் சுவை போய்விட்டது. அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வருத்தமாக இருந்தது.

பகடைக்கு இப்போதைய எண் மட்டும்தான் தெரியும். காகிதத்தில் 20, 17, 15, 9 என்று எழுதி வந்தால், எங்கே இறங்கினோம், எதனால் இறங்கினோம் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். பிழை நடந்தாலும் அது எந்த இடத்தில் நடந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். வீட்டில், நண்பர்களோடு விளையாடும்போது பகடையே போதும். அப்போதும் எண்ணை மாற்றும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என் பத்து வயது மகனும் அவன் நண்பனும் போக்கிமான் கார்டுகள் விளையாடுகிறார்கள். சேதத்தைக் குறிக்கக் கார்டின் மேல் பகடையை வைக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டமும் அழுகையில் முடிகிறது. என்ன செய்யலாம்?
*ஒரு தந்தை*

ஐயா, குழந்தைகள் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனியுங்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு தாக்குதலுக்குப் பூவா தலையா போட வேண்டும். நாணயம் கைக்கு எட்டவில்லை. பையன் கார்டின் மேல் இருந்த பகடையையே எடுத்து உருட்டிவிடுகிறான். பிறகு, "அதில் எத்தனை இருந்தது?" இருவருக்கும் நினைவில்லை.

உருட்டும் பகடையைத் தனியாக வையுங்கள். வேறு நிறத்தில், கொஞ்சம் பெரியதாக இருந்தால் நல்லது. அதை எந்தக் கார்டின் மேலும் வைக்கக் கூடாது. கார்டின் மேல் இருப்பதை எதற்காகவும் உருட்டக் கூடாது. போக்கிமானின் எலீட் டிரெய்னர் பாக்ஸைத் திறந்தால் சேதம் குறிக்க ஆறு பகடைகளும், பூவா தலையாவுக்கென்று தனியாக ஒரு பகடையும் இருக்கும். விளையாட்டைச் செய்தவர்களே பிரித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது எண்ணும் முறை. போக்கிமானில் ஒரு டேமேஜ் கவுன்ட்டர் (சேதக் குறி) என்றால் 10 சேதம். அதனால் பகடையில் 3 என்றால் 30. சேதம் 130 ஆனால் 6, 6, 1 என்று மூன்று பகடைகளை வைப்பார்கள் சிலர். வேறு சிலர் ஒரு நிறத்தை நூறுக்கும் மற்றொரு நிறத்தைப் பத்துக்கும் ஒதுக்கி 1, 3 என்று இரண்டே பகடைகளை வைப்பார்கள். எது வேண்டுமானாலும் இருக்கட்டும்; ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் ஒரே முறைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவன் கூட்டுகிறான், மற்றவன் நூறு, பத்து என்று படிக்கிறான் என்றால் 130 அவன் கண்ணுக்கு வேறு எண்ணாகத் தெரியும்.

பகடையைப் படத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். மேல் மூலையில் ஹெச்பி (தாங்கக்கூடிய சேத அளவு) இருக்கிறது, கீழே தாக்குதல்கள் இருக்கின்றன. இரண்டையும் மறைக்கக் கூடாது. போக்கிமான் பெஞ்சுக்கு (காத்திருக்கும் வரிசைக்கு) பின்வாங்கினாலும், பரிணாமம் அடைந்தாலும் சேதம் அதோடு போகும். இந்த நேரத்தில்தான் பகடைகள் சரிந்து விழுகின்றன. அதனால் முதலில் பகடையை எடுத்துப் பக்கத்தில் அதே எண் தெரிய வைத்து, பிறகு கார்டை நகர்த்தி, பிறகு பகடையை மேலே வைக்கப் பழக்குங்கள். சேதம் சேரும்போது பழைய எண், சேர்வது, புதிய எண் மூன்றையும் சொல்ல வேண்டும். "முப்பது இருந்தது, ஐம்பது சேர்கிறது, எண்பது." இரண்டு வாரம் இப்படி விளையாடினால் அழுகை குறையும். கூட்டலும் நன்றாக வரும்.

நாணயத்துக்குப் பதில் பகடை உருட்டலாமா?
*ஏழாம் வகுப்பு மாணவி*

தாராளமாக உருட்டலாம், கண்ணு. 2, 4, 6 விழுந்தால் தலை. 1, 3, 5 விழுந்தால் பூ. மூன்றுக்கு மூன்று, சரிபாதி. போக்கிமானின் முறையான போட்டிகளிலேயே இதற்கு அனுமதி உண்டு. அங்கே முனைகள் உருண்டையான, ஒளி ஊடுருவும் பகடையாக இருக்க வேண்டும். எந்த எண்ணுக்குத் தலை என்பதை உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிடு. விழுந்த பிறகு சொல்லாதே.

மேஜிக்கில் ஒரு டோக்கன் கார்டின் மேல் (ஆட்டத்தின் நடுவே உருவாகும் உயிரியைக் குறிப்பது) எதிராளி 4 காட்டும் பகடையை வைத்திருந்தார். நான்கு டோக்கன்கள் என்று நினைத்தேன். நான்கு +1/+1 கவுன்ட்டர்கள் என்றார். ஆட்டம் போய்விட்டது.
*வாராவாரம் விளையாடும் வாசகி*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பலம் கூட்டும் கவுன்ட்டரையும் டோக்கன்களின் எண்ணிக்கையையும் ஒரே மாதிரிப் பகடையில் காட்டுவது எதிராளிக்கு இழைக்கும் அநீதி. மேசையில் உள்ளதைப் பார்த்துத்தானே நீங்கள் தாக்குதலைத் திட்டமிட வேண்டும்?

என் மேசையில் விளையாட வருபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. ஒரு நிறம் கவுன்ட்டருக்கு மட்டும். இன்னொரு நிறம் எண்ணிக்கைக்கு மட்டும். பிளேன்ஸ்வாக்கர் கார்டின் லாயல்டிக்கு (அது களத்தில் நீடிக்கத் தேவையான புள்ளிகளுக்கு) இவை இரண்டிலும் சேராத ஒன்று, ஸ்பின்டவுன் அதற்கு மிகப் பொருத்தம். ஐந்து டோக்கன்களில் இரண்டு தாக்கப் போயிருந்தால், ஒரே கார்டில் 5 என்று வைத்துவிட்டு "இரண்டு சாய்ந்திருக்கிறது" என்று வாயால் சொன்னால் போதாது. இரண்டு கார்டுகளை வைத்து, நேராக இருப்பதில் 3, தாக்கியதன் அடையாளமாகச் சாய்த்து வைத்ததில் 2 என்று காட்ட வேண்டும். அடுத்த முறை சந்தேகம் வந்தால், தாக்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள் அம்மா. எதிராளி உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

கையில் உள்ள ஏழு கார்டுகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் கழிக்க வேண்டும் என்றால், இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுவோம். 2 முதல் கார்டு, 3 இரண்டாவது, இப்படி 8 ஏழாவது. அதற்கு மேல் வந்தால் மறுபடி உருட்டுவோம். சரிதானே?
*நண்பர் குழு ஒன்று*

சரியில்லை. கணக்கைப் பாருங்கள். இரண்டு பகடைகள் விழக்கூடிய விதங்கள் 36. கூட்டுத்தொகை 2 வர ஒரே வழிதான், இரண்டிலும் 1 விழ வேண்டும். 7 வர ஆறு வழிகள். நீங்கள் ஏற்றுக்கொள்ளும் 2 முதல் 8 வரையிலான எண்களுக்கு மொத்தம் 26 வழிகள். அதில் முதல் கார்டு மாட்டிக்கொள்ள 26-ல் 1 வாய்ப்பு; ஆறாவது கார்டுக்கு 26-ல் 6. ஆறு மடங்கு! இது தெரிந்த ஒருவர் தன் உயிரான கார்டை எப்போதும் முதலாவதாக வைத்துக்கொள்வார்.

எட்டு முகப் பகடை இருந்தால், 8 விழும்போது மறுபடி உருட்டுங்கள். சாதாரண இருபது முகப் பகடை என்றால் 1 முதல் 7 வரை ஒரு வரிசை, 8 முதல் 14 வரை மறுபடி அதே வரிசை, 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மறு உருட்டல். நான்கு, ஐந்து கார்டுகள்தான் என்றால் ஆறு முகப் பகடையில் மிஞ்சும் எண்களுக்கு மறுபடி உருட்டினால் போதும். பகடையே வேண்டாம் என்றால், கார்டுகளைக் கவிழ்த்துக் கலைத்து நீட்டுங்கள். எதிராளி ஒன்றை உருவட்டும். எனக்குப் பிடித்தது இதுதான்.

கடைசிச் சுற்றில் நேரம் முடிந்து ஆட்டம் சமன் ஆகும் நிலை. சமன் ஆனால் இருவருமே வெளியே. யாராவது ஒருவர் மேலே போகட்டும் என்று பகடை உருட்டி வெற்றியாளரைத் தீர்மானித்தோம். நடுவர் இருவருக்கும் கடும் தண்டனை கொடுத்துவிட்டார். நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லையே!
*இன்னும் ஆறாத ஒருவர்*

நீங்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை முழுமையாக நம்புகிறேன். ஆனாலும் அந்த நடுவர் செய்தது சரி. நானும் அதையேதான் செய்திருப்பேன். மனம் வலிக்க வலிக்கச் செய்திருப்பேன்.

மேஜிக் போட்டி விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. ஆட்டத்துக்குள் அடங்காத ஒரு முறையால் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது குற்றம். பூவா தலையா, பகடை, கைவிரல் போட்டி எதுவானாலும். அதற்குக் கடுமையான தண்டனை உண்டு. காரணம் உங்கள் இருவருக்கும் நடுவில் இல்லை, அந்த அறையில் இருந்த மற்றவர்களிடம் இருக்கிறது. ஆட்டத்தை விளையாடியே புள்ளி எடுத்து, உங்கள் சமனால் மேலே போகவிருந்த ஒருவர் எங்கோ மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய இடத்தை உங்கள் பகடை எடுத்துக்கொண்டது. அவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

யார் முதலில் ஆடுவது என்பதற்குப் பகடை உருட்டலாம். அது ஆட்டத்தின் தொடக்கம். யார் வென்றார் என்பதற்கு உருட்டக் கூடாது. உங்களில் ஒருவர் தானாக முன்வந்து, எதையும் எதிர்பார்க்காமல், "நீங்கள் வென்றதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று தோல்வியை ஏற்றிருந்தால் அதற்கு விதியில் இடம் உண்டு. பரிசில் பங்கு பேசியோ பகடை உருட்டியோ செய்தால் இல்லை. சந்தேகம் வந்த அந்த நொடியில் கையைத் தூக்கி நடுவரை அழைத்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார். கேட்டதற்காக யாரையும் தண்டிப்பதில்லை.

கார்டு விளையாட்டு என்பது திறமை. அதில் பகடை உருட்டச் சொல்லும் கார்டுகளை நுழைத்து அதிர்ஷ்டத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள் என்பது என் கருத்து.
*பழைய ஆட்டக்காரர்*

ஐயா, உங்களோடு நான் மாறுபடுகிறேன். ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த மேஜிக் 1993-ல் வெளிவந்த நாளிலிருந்து நாம் கார்டுக் கட்டைக் கலைத்துத்தானே ஆடுகிறோம்? அடுத்த கார்டு எது என்று தெரியாமல் ஆடுவதும் அதிர்ஷ்டத்தோடு ஆடுவதுதான். பகடை அதைக் கண்ணுக்குத் தெரியும்படி மேசையில் வைக்கிறது, அவ்வளவே. வேடிக்கைக்காக வந்த 1998-ன் அன்குளூடு தொகுப்பில் ஆறு முகப் பகடை உருட்டும் கார்டுகள் இருந்தன. அவை போட்டிகளுக்கு உரியவை அல்ல. 2021-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் உலகை வைத்து வந்த தொகுப்பில்தான் இருபது முகப் பகடை முறையான போட்டிக் கார்டுகளுக்குள் வந்தது.

அந்தக் கார்டுகளில் பலவற்றில் மூன்று படிகள் இருக்கும்: 1 முதல் 9 வரை ஒரு பலன், 10 முதல் 19 வரை அதைவிட நல்ல பலன், 20 விழுந்தால் பெரும் பலன். அதாவது 45, 50, 5 சதவீதம். இரண்டு பகடைகளை உருட்டிச் சின்னதை விட்டுவிடச் சொல்லும் துணைக் கார்டுகளும் அதே தொகுப்பில் உண்டு. அப்படி ஒன்று மேசையில் இருந்தால் கீழ்ப்படி 45-லிருந்து ஏறத்தாழ 20 சதவீதமாகச் சுருங்குகிறது, நடுப்படி 70 ஆகிறது, 20 விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அந்தத் துணைக் கார்டு வரும்வரை பொறுப்பதா, இப்போதே உருட்டுவதா? இந்த முடிவை எடுப்பதற்குத் திறமை வேண்டாமா? யூ-கி-ஓவில் ஸ்னைப் ஹன்டர் என்ற கார்டு, கையிலிருந்து ஒரு கார்டைக் கழித்து, களத்தில் உள்ள கார்டு ஒன்றைக் குறிவைத்துப் பகடை உருட்டச் சொல்லும். 1 அல்லது 6 விழாவிட்டால் அது அழிந்துவிடும். மூன்றில் இரண்டு வாய்ப்பு. கைக்கார்டு ஒன்றை அதற்கு விலையாகக் கொடுக்கலாமா என்று தயங்கி, எதிராளியின் களத்தை ஒரு தடவை முழுக்கப் பார்த்து, பிறகு பகடையைக் கையில் எடுக்கும் ஆட்டக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். நல்ல ஆட்டத்தின் அழகு அதில் முழுமையாக இருக்கிறது.

இப்படிப் பலன் முடிவாகும் இடத்திலும் ஸ்பின்டவுனை உருட்டாதீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எதிராளியின் பகடையில் எப்போதும் 6-தான் விழுகிறது. சோதிப்பது எப்படி?
*சந்தேகப்படும் வாசகர்*

ஒரு குவளைத் தண்ணீரில் பகடை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரையுங்கள். மிதக்கும் பகடையை விரலால் சுண்டி விடுங்கள். மறுபடி மறுபடி ஒரே முகம் மேலே வந்து நின்றால், உள்ளே எடை ஒரு பக்கமாக இருக்கிறது, பெரும்பாலும் வார்க்கும்போது சிக்கிய காற்றுக்குமிழி. ஒளி ஊடுருவும் பகடையில் இது கண்ணுக்கே தெரியும் என்பதால் அதைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் ஒருவரை நேரடியாகக் குற்றம் சொல்வதற்கு முன், "இருவரும் ஒரே பகடையை உருட்டலாமே" என்று கேளுங்கள். மறுத்தால் நடுவரை அழையுங்கள்.

உருட்டிய பகடை கார்டு உறையின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. அவர் 5 என்றார், நான் 2 என்றேன்.
*பதினோராம் வகுப்பு மாணவர்*

மறுபடி உருட்டியிருக்க வேண்டும், இரண்டு பேரும் எண்ணைச் சொல்வதற்கு முன்பே. சாய்ந்தாலோ மேசையை விட்டு விழுந்தாலோ செல்லாது என்று ஆட்டம் தொடங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். கார்டுகள் இல்லாத ஓர் ஓரத்தை உருட்டுவதற்கென்று ஒதுக்குங்கள். சின்னத் தட்டு ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. கார்டுகளின் நடுவே உருட்டினால், ஓடும் பகடை கணக்குக் காக்கும் பகடைகளையும் இடித்துத் தள்ளிவிடும்.